பூட்டிய கூடத்தில் லெசியெலியின் குரல்

லெசியெலி சந்தைக்குப் போனால் வாயைத் திறக்க மாட்டார். சேப்பங்கிழங்குக் குவியலை விரலால் காட்டுவார், காசைக் கொடுப்பார், தலையசைத்துவிட்டு வருவார். அவர் பேசினால் சுற்றியிருக்கும் பெண்கள் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு யார் போய்விட்டார்கள் என்று காது கொடுப்பார்கள். மீன் விற்கிறவன் ஒருமுறை கெஞ்சினான்: "அக்கா, விலையை மட்டும் கேட்டுடாதீங்க. மீன் மறுபடியும் செத்துப்போகும்."

எங்கள் வவாவுத் தீவுகளின் சாவுச் செய்திகளை வானொலியில் மதியமும் மாலையும் வாசித்தவர் அவர்தான். இன்ன கிராமத்து இன்னார், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்ன நாளில் அடக்கம். படகில் இருப்பவர்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் மண்வெட்டியை ஊன்றி நிற்பார்கள். தன் அப்பா இறந்த செய்தியையும் அவரேதான் வாசித்தார். குரல் ஒரு நூல்கூட விலகவில்லை. செய்தி முடிந்ததும் கப்பல் நேரத்தையும் வாசித்துவிட்டுத்தான் எழுந்து வெளியே போனார். ஒலிப்பதிவு அறையில் இருந்த நான் அதைப் பார்த்தேன்.

அவர் கணவர் பழம் பறிக்கும் வேலைக்கு நியூசிலாந்து போனவர், அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நெருங்கிய சொந்தம் என்று இருந்தது வைலோதோ கிராமத்தில் ஒரு தம்பி, பெனிசிமானி. தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவர், அதிகம் பேசாதவர். ஞாயிறுதோறும் குழியடுப்பைத் திறந்ததும் முதல் பங்கு அக்கா வீட்டுக்குத்தான் போகும். அவர் கொண்டுவர மாட்டார், மனைவி வைசிமாதான் கொண்டுவருவாள். பருவம் வந்தபிறகு அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் தூங்கியதில்லை. தொலைக்காட்சியில் ஒரு முத்தம் வந்தால்கூட அக்கா இருக்கும் அறையிலிருந்து தம்பி எழுந்து போய்விடுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெரியப்பா மகன், சித்தி மகன், மூன்று தலைமுறை தள்ளிய பங்காளி எல்லோருமே அந்தக் கணக்கில் தம்பிதான், அண்ணன்தான்.

தலைநகரிலிருந்து சியோசியானா என்கிற சுகாதார ஊழியப் பெண் வந்தது அந்த வருஷத்துக் குளிர்காலத்தில். இணையம் எட்டாத தீவுப் பள்ளிகளுக்கு உடம்பைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் ஒலிப் பாடங்கள் தயாரிக்கிறார்கள். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் கேட்க வேண்டியவை. அதற்கு ஒரு குரல் வேண்டும் என்று வந்தாள்.

"உங்க குரல்ல சொன்னா யாரும் பொய்யின்னு நெனைக்க மாட்டாங்க அக்கா."

"என் குரல்ல சொன்னா யாரோ செத்துட்டாங்கன்னு நெனைப்பாங்க," என்றார் லெசியெலி.

ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வாசித்தார். பாதியிலேயே காதுமடல் சிவந்துவிட்டது.

"இந்த வார்த்தையெல்லாம் நான் வாயால சொன்னதே இல்ல, பொண்ணே. பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்தா கேப்பாங்க?"

"தனித்தனியா அக்கா. ஒரே வகுப்புல அண்ணன் தங்கச்சி இருந்தாலும் சங்கடம் வராது."

"பள்ளிக்கூடத்தைத் தாண்டி வெளிய போகாதே?"

"போகாது அக்கா."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் என்னிடம் வந்து உட்கார்ந்தார். நான் கேட்காமலே ஒன்றைச் சொன்னார். தள்ளியிருக்கும் ஒரு தீவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி இறந்தபோது 'வயிற்றுவலி' என்று செய்தி வந்தது. அப்படியே வாசித்தார். அடக்கம் முடிந்து படகில் வந்த பெண் ஒருத்தி அது என்ன வலி என்று அவர் காதில் சொன்னாள். இறந்தவளுக்குத் தன் வயிற்றில் இருந்தது என்னவென்றே கடைசிவரை தெரியாதாம்.

"வயித்துவலின்னு நானே தெளிவா, அழுத்தமா வாசிச்சேன், ஹவிலி," என்றார். "பதிவு பண்ணிடலாம். நீ எந்த ஊரு?"

"நியுவா அக்கா. உங்களுக்குத் தெரியுமே."

"உங்கம்மா வழி?"

"அதுவும் நியுவாதான்."

"அவங்கம்மா?"

எங்கேயும் ரத்தத் தொடர்பு இல்லை, நான் எந்த முறையிலும் அவருக்குத் தம்பி ஆக மாட்டேன் என்று உறுதியான பிறகுதான் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தார். "இருந்தாலும் நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு," என்றார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சன்னல் கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தில் ஒலி அளவைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தேன்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லுங்க அக்கா," என்று சியோசியானா சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு குரல்தான்."

அந்த ஒரே குரலில் சொன்னார்: 'உன் உடம்பு உன்னுடையது. நீ விரும்பாமல் அதை யாரும் தொடக்கூடாது. தொட்டவர் உன் சொந்தக்காரராக இருந்தாலும் கூடாது.' முதுகு காட்டி உட்கார்ந்திருந்த எனக்கு, ஏதோ ஒரு வீட்டில் இழவு விழுந்துவிட்டதைப் போலவே இருந்தது.

பாடங்களை உள்ளங்கை அகலப் பெட்டிகளில் ஏற்றினார்கள். ஒரு பக்கம் சூரியத் தகடு. வெயில் பட்டால் பேசும், கவிழ்த்தால் நிற்கும், மறுபடி வெயில் பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பொத்தான் வைத்தால் பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள் என்று அதை வைக்கவில்லை. பெட்டிகள் கப்பலேறிப் பள்ளிகளுக்குப் போயின. கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் வந்தது ஒரு சின்ன ஒலித்துண்டு. கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவியது. 'ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்' என்று லெசியெலி தொடங்குவார், உடனே பாடத்தில் வரும் உடல் உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக வரும், கடைசியில் அடக்கம் செய்யும் இடம். காவா வேர்ச்சாறு குடிக்கும் இடங்களில் ஆண்கள் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள், பிறகு யார் அக்கா யார் தங்கை அருகில் இருக்கிறார்கள் என்று பயந்து அணைத்தார்கள்.

இரண்டாவது துண்டு வந்தபோது லெசியெலி வைலோதோ போகும் வாடகை வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரின் கைப்பேசி ஒலித்தது. அவன் பார்க்காமல் அழுத்தினான்.

'ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். வைலோதோ கிராமத்து ஓஃபெய்னா. ஏழாம் வகுப்பு. பாடம் நான்கு. நம்மை விட்டுப் பிரிந்தார்.'

வண்டியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி லெசியெலியின் வாயைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது. குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, அடக்கம் என்றைக்கு என்று.

அவர் பாதி வழியில் இறங்கி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தார். வாசலில் ஓஃபெய்னா பள்ளிச் சீருடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா அவளை இடுப்போடு கட்டிக்கொண்டு, செத்த பிள்ளையை மடியில் போட்டு அழுவதைப்போல அழுதுகொண்டிருந்தாள். லெசியெலி வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க அக்கா!" என்று அலறினாள் அந்த அம்மா. "உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், என் பொண்ணு பேர மட்டும் உங்க வாயால சொல்லிடாதீங்க!"

லெசியெலி திரும்பி நடந்தார். நேராக நிலையத்துக்கு வந்து, அதை எனக்குப் போட்டுக்காட்டச் சொன்னார். கேட்டார்.

"வெட்டி ஒட்டியிருக்காங்க அக்கா. ஒட்டு தெரியுது பாருங்க."

"தெரியுது. ஆனா நான்தான் அது. மூச்சு எடுக்கறதுகூட என்னுது."

நான் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்டேன். எங்கள் ஊரில் வீட்டுச் சாவின் அறிவிப்பைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. புகைப்படம்போல அது இருக்கும். அப்படிப் பார்த்தால் தீவில் வழங்கும் எல்லாப் பெயரையும் எப்போதோ அவர் வாசித்திருக்கிறார். ஓஃபெய்னா என்ற பெயர் சில வருஷங்களுக்கு முன் இறந்துபோன அவள் அப்பாவின் அத்தையுடையது, அந்தப் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்கள். அந்த அத்தையின் அறிவிப்பிலிருந்துதான் வெட்டியிருந்தார்கள். அப்படியென்றால் அதைச் செய்தவரின் கைப்பேசியில் அந்தக் குடும்பத்துச் சாவு இருந்தது. இதை நான் லெசியெலியிடம் மட்டும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது யார் என்று இன்றுவரை தெரியாது.

வைலோதோவில் கூட்டம் போட்டார்கள். தேவாலயக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பொறுப்பாளர் என்பதால் பெனிசிமானி முன்வரிசையில், மரியாதைக்கு உடுத்தும் இடுப்புப் பாய் கட்டி, தலை குனிந்து. பெண்கள் பக்கத்தில் லெசியெலி. பின்னால் நின்ற எனக்கு இருவரும் தெரிந்தார்கள்.

"எங்க பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்கன்னு எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் ஒருவர். தலைமை ஆசிரியர் எழுந்தார். யாரையும் கேட்டிருக்கவில்லைதான்.

"நான் எல்லாப் பாடத்தையும் உக்காந்து கேட்டேன்," என்று மட்டும் சொன்னார். "நீங்களும் கேட்டுட்டுப் பேசுங்க."

"எதுக்குக் கேக்கணும்? கல்யாணம் ஆனா தானா தெரிஞ்சுடப்போகுது."

"உனக்குத் தெரிஞ்சுதாய்யா?" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. அவன் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்திருக்கலாம்.

அதற்குள் ஒருவன் எழுந்து, "கேளுங்க, எல்லாரும் கேளுங்க," என்று கைப்பேசியை ஒலிபெருக்கியில் பொருத்தினான். வெட்டி ஒட்டியது அல்ல, உண்மையான பாடம். லெசியெலியின் குரல் கூடத்தை நிறைத்து அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது.

பெனிசிமானி எழுந்தார். அக்கா அங்கே இருக்கிறார், அக்காவின் குரல் அதைச் சொல்கிறது, இவர் இருக்க முடியாது. முன்வரிசையிலிருந்து கதவுவரை அவர் நடந்து போகும்வரை யாரும் அசையவில்லை, ஒலிபெருக்கியை அணைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. பாய் காலில் தடுக்கியது. குரல் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அவன் சட்டை முழுக்க நனைஞ்சிருந்துது," என்றார் லெசியெலி பிறகு என்னிடம்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பெட்டிகளையெல்லாம் வாங்கி, தலைநகர் முடிவு சொல்லும்வரை தேவாலயக் கூடத்தின் பின்னறையில் பூட்டி வைப்பதென்று தீர்மானமாயிற்று. சாவி பெனிசிமானியிடம். நிலையத்துக்கும் அழைப்புகள் வந்தன. எங்கள் வீட்டுச் சாவை அந்த வாய் சொல்ல வேண்டாம் என்றார்கள். நிலையத் தலைவர் லெசியெலியைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பின்னறையில் குரல் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பிற்பகலில், வெயில் மேற்கே சாய்ந்து ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில். முதலில் வண்டு ரீங்காரம்போல இருந்ததாம். கிட்டே போனால் பேச்சு. ஒருவர் அல்ல, பலர், எல்லோரும் ஒரே குரலில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவதுபோல. கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். மேகம் வந்தால் நின்றுவிடும். மேகம் விலகினால் பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கும்.

பெட்டி, வெயில், தகடு என்று நான் விளக்கிச் சொன்னேன்.

"அட்டைப்பெட்டிக்குள்ள போட்டுத்தானே பூட்டினோம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். "அட்டைப்பெட்டிக்குள்ள ஏதுய்யா வெயிலு?"

ஊரில் வேறு பதில் இருந்தது. லெசியெலியின் குரல் அவளை விட்டுப் போய்விட்டது என்றார்கள்.

"உயிரோட இருக்கறவளுக்கு எப்படி ஆவி வரும்?"

"ஆவியில்ல, குரலு. வானொலியில வருதா? இல்லையில்ல? வேற எங்க போகும்? இங்க வந்து உக்காந்துகிச்சு."

பெண்கள் அந்த வழியே போகும்போது பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். யாரோ கதவில் காவலுக்கு நுணா இலைக் கொத்தைச் செருகிவைத்தார்கள். போதகர் பெனிசிமானியைக் கூப்பிட்டு, உள்ளே போய் அதை நிறுத்தச் சொன்னார்.

"முடியாது போதகரே. அது எங்கக்கா," என்றார் அவர்.

வேறு யாரும் உள்ளே போகத் துணியவில்லை. கடைசியில் போதகர் லெசியெலிக்கே ஆள் அனுப்பினார். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வைசிமா வழியிலேயே வந்து சாவியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடத்தைச் சுற்றி ஒரு நாய்கூட இல்லை. அவ்வளவு வெயிலில் அவ்வளவு வெறுமையாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. கதவை நெருங்கும்போதே கேட்டது. லெசியெலி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வாய் அசையாமல், எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, கதவுக்குப் பின்னால் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

திறந்தோம். அட்டைப்பெட்டிகள் காலியாக மடித்து மூலையில் சாத்தப்பட்டிருந்தன. பேசும் பெட்டிகள் பலகைத் தட்டுகளில் வரிசை வரிசையாக, பாடகர் குழுபோல, சன்னலைப் பார்த்து நின்றன. சன்னலின் கண்ணாடிச் சட்டங்கள் வழியே வெயில் கோடு கோடாக விழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடத்தில் இருந்தது. 'மாதம் ஒருமுறை' என்றது ஒன்று. 'வெட்கப்பட ஏதுமில்லை' என்றது ஒன்று. 'உன் சொந்தக்காரராக இருந்தாலும்' என்றது ஒன்று. 'வேண்டாம் என்று சொல்' என்றன இரண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்று, எதிரொலிபோல.

லெசியெலி நடுவில் நின்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெட்டியாக அடங்க, மிச்சமிருந்தவை தெளிவாகக் கேட்டன. கடைசியில் ஒன்றே ஒன்று இருந்தது. 'உனக்கு நடந்ததை நீ யாரிடமாவது சொல்ல வேண்டும். முதலில் கேட்டவர் நம்பவில்லை என்றால்' என்று அது பேசிக்கொண்டிருந்தபோது அதன் மேல் கை வைத்தார்.

"அத விட்டுடுங்க அக்கா."

வேறொரு பெண்ணின் குரல் சன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது, தரையோடு தரையாக.

"அந்தப் பாடம் எப்பவும் பாதியிலயே நின்னுடுது. இன்னிக்காவது முழுசா கேட்டுக்கறோம்."

நான் சன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரோரமாக, குனிந்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாய் முடையும் தாழை நார் மடியில் கிடந்தது. யாரும் பின்னவில்லை. பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். ஓஃபெய்னாவின் அம்மாவும் இருந்தாள். கொஞ்சம் தள்ளி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, வயதான ஒருத்தி. சுவரடியில் புல் எப்போதோ மிதிபட்டுச் செத்துப்போயிருந்தது. தாழை நார்ச் சீவல்கள் பழுத்துக் கிடந்தன. பல நாட்களாக வந்து உட்கார்கிறார்கள்.

லெசியெலி கையை எடுத்தார். நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே, அந்தப் பாடம் முடியும்வரை இருந்தோம். முடிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த வயதானவள் மட்டும், யாரிடம் என்றில்லாமல், "நான் சொன்னேன். எங்கம்மா நம்பல," என்றாள். மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

பெட்டிகளை எடுத்து வெளிச்சத்தைப் பார்க்க வைத்தது வைசிமா. சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது, எடுத்தாள். பெனிசிமானிக்குத் தெரியுமா என்று லெசியெலி அவளிடம் கேட்டார்.

"கேக்கல, சொல்லல," என்றாள் வைசிமா. "ஆனா மதியம் ஆனா படக எடுத்துக்கிட்டுப் போயிடறாரு, பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம். அந்த நேரத்துல எந்த மீனு வரும்? வெயில்ல சும்மா உக்காந்துட்டு, பொழுது சாய்ஞ்சதும் வெறுங்கையோட வர்றாரு."

அன்றும் கடலில் அந்தப் படகு தெரிந்தது, அசையாமல்.

போதகரிடம் லெசியெலி, நிறுத்திவிட்டேன் என்று சொன்னார். ஆனால் மறுநாளும் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்ததும் தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து பெட்டிகளை வாரிக்கொண்டு போனார்கள். பெற்றோர் சம்மதத்தோடு, வேறு ஒரு குரலில், சில பாடங்களைக் குறைத்துப் புதிய பெட்டி வந்தது. சில கிராமங்கள் வாங்கிக்கொண்டன. வைலோதோ வாங்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பி வரச்சொல்லி நானே போய்க் கூப்பிட்டேன். கப்பல் நேரம் மட்டுமாவது வாசியுங்கள் என்றேன்.

"வேணாம்டா. என் குரல வச்சு யார வேணாலும் சாகடிக்கலாம்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னும் எதுக்கு அவங்களுக்கு வெட்டி ஒட்டக் குடுக்கணும்?"

இப்போது துறைமுகத்துச் சுகாதார நிலையத்தில், சியோசியானா வரும் நாட்களில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர் கேட்டுக்கொள்கிறார், பிறகு உள்ளே கூட்டிப் போகிறார். ஞாயிறு உணவு வைசிமா கையில் வருகிறது. தம்பியும் கூட வந்து தெருவில் நிற்கிறார், வாசலைத் தாண்டி வருவதில்லை. ஒலித்துண்டுகள் நிற்கவில்லை. எப்போதாவது ஒன்று கிளம்பும், உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரோடு.

ஓஃபெய்னா இப்போது தலைநகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் அம்மா தினமும் சாயங்காலம் அவளுக்கு அழைக்கிறாள். "நல்லாருக்கேம்மா" என்று மகள் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. குரலை மட்டும் வைத்து எப்படி நம்புவது? இன்றைக்கு அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குழம்பில் உப்பு இருந்ததா, பக்கத்துக் கட்டில்காரி இந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். மகள் சலித்துக்கொண்டே சொல்கிறாள். கடைசிப் பதிலையும் கேட்ட பிறகுதான் அம்மா இணைப்பைத் துண்டிக்கிறாள்.